நூறு அந்தோணி பர்னாந்துகள்: முத்துக்கரைக் குடும்ப வரலாறும் கணினிப் பதிவுகளும்

முத்துக்கரை என்று பெயர் பெற்ற தூத்துக்குடிக் கரையின் குடும்பம் ஒன்றைக் கணினியில் ஏற்றியவர், குடும்பப் பெயர்வாரியாக ஒரு பட்டியல் எடுத்துப் பார்த்தால் திகைத்துப் போவார். பர்னாந்து, பர்னாந்து, பர்னாந்து என்று பக்கம் பக்கமாக ஓடும். இடையிடையே ஒரு ரோச், ஒரு மோத்தா, ஒரு மச்சாது, ஒரு வில்லவராயர். முதல் பெயர்களோ அந்தோணி, சூசை, சவேரியார், மிக்கேல், மரியம்மாள் என்று ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே சுற்றும். வம்சாவளி மென்பொருள்கள் பெரும்பாலும் மேற்கு நாடுகளில் எழுதப்பட்டவை. பெயரும் பிறந்த ஆண்டும் ஏறக்குறைய பொருந்தினால், இருவரும் ஒருவர்தான் போலிருக்கிறது, இணைக்கட்டுமா என்று அவை கேட்கும். இந்தக் கரையில் அந்தக் கேள்விக்கு ஆம் போட்டுக்கொண்டே போனால் ஒரு மாலைப் பொழுதில் ஒரு தலைமுறையே காணாமல் போய்விடும்.

கொழும்பிலும் சென்னையிலும் வளைகுடாவிலும் கனடாவிலும் பரவிவிட்ட, இந்தக் கரையின் கடலோடிச் சமூகமான பரதவர் குடும்பங்களில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற யாராவது ஒருவர் இப்படி ஒரு கோப்பை வைத்திருக்கிறார். அதைப் புத்தகமாக்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இருக்கிறது. கோப்பில் உள்ள தவறை நாளைக்குத் திருத்தலாம். அச்சில் ஏறியது திருந்தாது. பத்து வருடம் கழித்து இன்னொரு குடும்பத்தார் அந்தப் புத்தகத்தையே ஆதாரமாக வைத்துத் தங்கள் மரத்தை எழுதுவார்கள். அதனால்தான் அச்சுக்கு முன் கோப்பைச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். சுத்தம் என்றதும் பலர் செய்வது மூன்று வேலை: பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவருவது, காலிக் கட்டங்களை நிரப்புவது, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்குவது. முத்துக்கரையில் இந்த மூன்றும் வரலாற்றை அழிக்கிற வேலைகள் என்பது என் கருத்து. ஒழுங்கில்லாமல் கிடக்கிற அந்த எழுத்துக்கூட்டலிலும் காலிக் கட்டத்திலும்தான் இந்தக் கரையின் ஆதாரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இத்தனை பர்னாந்துகள் எப்படி வந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1530-களில் முத்துச் சிலாப (முத்துக்குளிப்பு) உரிமைக்கான மோதலில் நெருக்கடிக்கு ஆளான பரதவர்கள் கொச்சியில் இருந்த போர்த்துக்கீசியரின் உதவியை நாடினார்கள். அதையொட்டி, வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், ஆலந்தலை, மணப்பாடு உள்ளிட்ட துறைகளில் சுமார் 20,000 பேர் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-ல். ஞானஸ்நானம் கொடுத்தபின் ஒவ்வொருவருக்கும் புதுப் பெயரை எழுதிக் கொடுத்ததாக, 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். ஞானத் தந்தையாக நின்ற போர்த்துக்கீசியர்களின் பெயர்கள் இப்படி ஊர் ஊராக ஒட்டிக்கொண்டன. ஒரு பெயரைத் தாங்கிய இரண்டு வீடுகளுக்கு இரத்த உறவு இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. மணப்பாட்டுப் பர்னாந்துவும் வேம்பார்ப் பர்னாந்துவும் 1537-ல் பக்கத்துப் பக்கத்துப் படகுகளில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கலாம், அவ்வளவுதான்.

மேற்கத்திய மென்பொருளின் அடித்தளமே இங்கே ஆட்டம் காண்கிறது. குடும்பப் பெயர் என்பது தந்தைவழி இரத்தத்தின் அடையாளம் என்ற நம்பிக்கையில்தான் அதன் அட்டவணையும் தேடலும் இணைப்புப் பரிந்துரையும் நிற்கின்றன. குடும்பப் பெயரே இல்லாத, தந்தை பெயரை வைத்தே ஆளை அறியும் ஐஸ்லாந்துக்காரர்கள் தங்களுக்கென்று ஒரு தரவுத்தளத்தை வடிவமைத்துக்கொண்டார்கள். 2003-லிருந்து அது அந்நாட்டு மக்களுக்கு இணையத்தில் கிடைக்கிறது. நம் சிக்கல் அதற்கு நேர் எதிரானது. குடும்பப் பெயர் இருக்கிறது, அது எதையும் பிரித்துக் காட்டுவதில்லை.

பிரித்துக் காட்டுவது ஊரும் வீட்டுப் பெயரும். கரையில் யாரையும் யாரும் பர்னாந்து என்று மட்டும் சொல்லித் தேடுவதில்லை. தண்டல் வீடு, கணக்கப்பிள்ளை வீடு, கொழும்புக்காரர் வீடு என்ற மாதிரி ஓர் அடையாளம் கூடவே வரும். தோணி ஓட்டிய தாத்தா, உபதேசியாராக இருந்த பூட்டன், உடல்வாகைக் கேலி செய்து வைத்த பட்டப்பெயர் என்று எதுவாகவும் அது இருக்கலாம். கோப்பில் இவை குறிப்புக் கட்டத்தின் மூலையில் கிடக்கும், அல்லது மரியாதைக் குறைவென்று நீக்கப்பட்டிருக்கும். சுத்தம் செய்யும்போது முதலில் செய்ய வேண்டியது இவற்றைத் தேடி எடுத்து, மென்பொருள் தரும் மாற்றுப் பெயர்க் கட்டத்தில் முறையாக உட்கார வைப்பது. புத்தகத்தின் கடைசியில் வரும் பெயரகராதியையும் வீட்டுப் பெயர், ஊர் என்ற வரிசையில்தான் போட வேண்டும். குடும்பப் பெயர் வரிசையில் போட்டால் பர்னாந்துவுக்கே அகராதி முழுவதும் போய்விடும்.

அக்கம்பக்கத்துச் சமூகங்கள் இதை வேறு விதங்களில் தீர்த்துக்கொண்டன. நகரத்தார் திருமணம் ஒவ்வொன்றும் ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றோடு இணைந்து ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறும். இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகும். காயல்பட்டினத்தில் மணமகன் மணமகள் வீட்டுக்குப் போய் வாழ்கிற வழக்கம் இருப்பதால் அங்கே வீடு பெண்வழியில் தொடர்கிறது. தந்தைவழி மரம் மட்டும் வரைந்தால் அந்த ஊரின் பாதி மறைந்துவிடும். பரதவர்களுக்குக் கிடைத்தது பங்குக் கோயில் பதிவேடு. அதுவும் எல்லாக் காலத்துக்கும் இல்லை. திருமணப் பதிவேடு வைத்தாக வேண்டும் என்று திரெந்துப் பொதுச்சங்கம் ஆணையிட்டது 1563-ல். ஞானஸ்நானம், திருமணம், மரணம் ஆகியவற்றுக்கான பதிவேட்டு வடிவங்களை உரோமைச் சடங்கு நூல் வகுத்தது 1614-ல். கரையின் கூட்டு ஞானஸ்நானம் இவற்றுக்கெல்லாம் முந்தியது. 1658-ல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு நெருக்கடி வந்தது. பழைய ஏடுகள் எந்த ஆண்டிலிருந்து தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன என்பது பங்குக்குப் பங்கு மாறும். ஆக, சவேரியார் கையால் ஞானஸ்நானம் பெற்ற மூதாதை என்று ஒரு பெயர் கோப்பின் உச்சியில் இருந்தால், அதற்கும் அடுத்த பெயருக்கும் நடுவே எத்தனை தலைமுறை விடுபட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி முதல் பெயர்கள். பழைய பதிவேட்டில் சாமியார் லத்தீனில் யாக்கோபுஸ் என்று எழுதியிருப்பார். வீட்டில் அவர் சந்தியாகு. ஜெபப் புத்தகத் தமிழில் யாகப்பர். பிள்ளைகள் இங்கிலீஷ் பள்ளிக்குப் போன காலத்தில் அப்பா பெயர் என்ற இடத்தில் ஜேம்ஸ். இதேபோல் பேத்ருஸ், இராயப்பர், பீட்டர் ஒரே ஆள். பவுலுஸ், சின்னப்பர், பால் ஒரே ஆள். அலோசியுஸ் என்று லத்தீனில் இருப்பவர் தமிழில் ஞானப்பிரகாசம். இது தெரியாதவர் ஒரே மனிதரை மூன்று பேராகப் பதிந்திருப்பார். தெரிந்தவர் செய்யும் தவறு இன்னும் பெரியது. எல்லாரையும் ஒரேயடியாக ஜேம்ஸ், பீட்டர், பால் என்று மாற்றிவிடுவார். ஒருவர் பெயர் எந்த ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அந்த ஆவணத்தின் கீழே அப்படியே நிற்க வேண்டும். தலைப்பில் அவர் தாமே கையெழுத்துப் போட்ட பெயரோ ஊர் அழைத்த பெயரோ வரட்டும். ஊரறிந்த உதாரணமே இருக்கிறது. வல்லநாட்டிலிருந்து தூத்துக்குடிக்குக் குடிநீர் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்துவை இங்கிலீஷில் பர்னாந்தஸ், பெர்னாண்டஸ் என்று ஒலிக்கும்படி எழுதுகிறார்கள், தமிழில் பர்னாந்து, பெர்னாண்டோ என்று விதவிதமாக எழுதுகிறார்கள். அவருக்குச் சிலை இருக்கிறது, ஆள் மாறாது. சிலை இல்லாதவர்களின் கதி வேறு.

பெயரே சில சமயம் தவறைக் காட்டிக்கொடுக்கும். லூர்து மாதா காட்சி நடந்தது 1858-ல். 1840-ல் பிறந்ததாக ஒரு லூர்தம்மாள் கோப்பில் இருந்தால் ஆண்டு தப்பு, அல்லது பேத்தியின் பெயர் பாட்டிக்கு ஏறிவிட்டது. பாத்திமா காட்சி 1917-ல். அதற்கு முந்திய கத்தோலிக்கப் பாத்திமாக்களையும் இப்படியே நிறுத்தி விசாரிக்க வேண்டும்.

இணைப்பு விஷயத்துக்கு வருவோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்கிறார்களே, அந்த அளவு கூட இல்லாமல் நடக்கிற காரியம் இது. பல மென்பொருள்களில் இணைத்துச் சேமித்துவிட்டால் பிரிக்க முடியாது. எந்தக் குறிப்பு எந்த ஆளுடையது என்ற தடமே போய்விடும். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது கரையெங்கும் வழக்கம் என்பதால் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. இரண்டு மூன்று அண்ணன் தம்பிகளும் தங்கள் மகன்களுக்கு அதே தாத்தா பெயரை வைப்பதால், ஒரே தெருவில், ஒரே பத்தாண்டில், ஒரே பெயருள்ள பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் பிறக்கிறார்கள். குழந்தை இறந்தால் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைக்கிற வழக்கமும் உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே பெற்றோருக்கு இரண்டு வருட இடைவெளியில் இரண்டு மிக்கேல்கள் இருந்தால், முதலாவது எழுத்துப் பிழை என்று நினைத்து நீக்கிவிடுகிறார்கள். மரணப் பதிவேட்டைப் பார்த்திருந்தால் அந்த முதல் மிக்கேலின் குழி தெரிந்திருக்கும்.

இதன்மேல் தமிழ் ஆண்டுக் கணக்கு வந்து உட்கார்ந்துகொள்கிறது. குடும்பக் குறிப்பு நோட்டுகளில், பத்திரங்களில், பிரபவ வருடம் ஆடி மாதம் என்ற மாதிரி இருக்கும். பிரபவ 1867-லும் வந்தது, 1927-லும் வந்தது, 1987-லும் வந்தது. அறுபது ஆண்டு என்பது பல குடும்பங்களில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் உள்ள தூரம். தாத்தா பெயர் பேரனுக்கு, தாத்தா பிறந்த வருடத்தின் பெயரே பேரனுக்கும். இந்த இரண்டு வழக்கங்களும் சந்திக்கிற இடத்தில் மென்பொருளுக்கும் ஆளுக்கும் ஒருசேரக் கண் கட்டிவிடும். 1927-ல் பிறந்த பேரனின் குறிப்பு, 1867-ல் பிறந்த தாத்தாவின் பெயரில் ஏறும். நடுவில் இருக்கும் மகன் தன் மகனுக்கே மகனாகிப் போவதும் உண்டு. அந்த வளையத்தை மென்பொருள் கண்டுபிடித்துக் கத்தினால் நல்ல காலம்.

கொல்லம் ஆண்டு இன்னொரு கண்ணி. பழைய திருநெல்வேலிச் சீமையின் பத்திரங்களில் அது சகஜம். கொல்லம் 1080 என்பது 1904 ஆகஸ்டில் தொடங்கி 1905 ஆகஸ்டில் முடிகிறது. ஆவணி முதல் மார்கழி நடு வரைக்கும் 824-ஐயும், அதற்கப்புறம் 825-ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் என்ற சொல் விட்டுப்போய் 1080 என்று மட்டும் கட்டத்தில் ஏறினால், சோழர் காலத்தில் ஒரு பர்னாந்து பிறந்து எட்டு நூற்றாண்டு கழித்துத் திருமணம் செய்துகொள்வார். இதைச் சிரித்துக்கொண்டே திருத்திவிடலாம். 7ப்ரிஸ், 8ப்ரிஸ் விவகாரம் அப்படி இல்லை. லத்தீன் பதிவேடுகளில் செப்டம்பரையும் அக்டோபரையும் இப்படி எண்ணோடு சுருக்கி எழுதுவார்கள். செப்தெம் என்றால் லத்தீனில் ஏழு. பார்த்து எழுதுகிறவர் ஏழாம் மாதம் என்று எடுத்து ஜூலை போட்டுவிடுவார். தேதி நியாயமானதாகவே தோன்றும், எந்தச் சோதனையிலும் சிக்காது. டிசம்பருக்கு எக்ஸ் எழுத்தோடு இதே சுருக்கம். மூலப் பதிவேட்டின் படத்தைத் திரும்பப் பார்க்காமல் இந்தப் பிழையைப் பிடிக்க வழியில்லை.

அமெரிக்க மென்பொருள் மாதத்தை முன்னால் வைத்து எண்ணும் என்பது எல்லாரும் அறிந்த தொல்லை. கரையில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வசதி இருக்கிறது. பனிமய மாதா திருவிழா ஆகஸ்ட் 5. அந்த நாளை ஒட்டிப் பிறக்கும் பிள்ளைகளுக்கு மாதாவின் போர்த்துக்கீசியப் பெயரிலிருந்து தஸ்நேவிஸ் என்று பெயர் வைப்பது தூத்துக்குடி வழக்கம். கோப்பில் ஒரு தஸ்நேவிஸ் மே 8-ம் தேதி பிறந்திருந்தால் 05/08 கவிழ்ந்துவிட்டது என்று சந்தேகப்படலாம். சவேரியார் மார்ச் 12-ல் பிறந்திருந்தாலும் அதே சந்தேகம். அவர் திருநாள் டிசம்பர் 3. சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. திருநாளைப் பார்க்காமல் தாத்தா பெயரை வைத்த வீடுகள்தான் அதிகம்.

அத்தை மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற ஊரில் மரம் மேலே போகப் போக விரியாது, பின்னிக்கொள்ளும். ஒரே தம்பதி ஒருவருக்குத் தந்தை வழியிலும் தாய் வழியிலும் பூட்டன் பூட்டியாக வருவார்கள். மென்பொருள் இதை இரட்டைப் பதிவு என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை நம்பி ஒரு கிளையை வெட்டியவர்கள் உண்டு. ஆனால் இங்கே கோயில் பதிவேடு நமக்குச் சாதகமாக இருக்கிறது. நெருங்கிய உறவில் மணம் செய்யத் திருச்சபையின் விலக்கு வேண்டும். எந்தப் படி உறவுக்கு விலக்கு தரப்பட்டது என்பதைத் திருமணப் பதிவில் லத்தீனில் ஒரு வரி சொல்லும். இரண்டாம் படி என்று இருந்தால் மணமக்கள் அண்ணன் தங்கை பிள்ளைகள் போன்ற நேர் உறவு. பெற்றோர் பெயர் பர்னாந்து என்று மட்டும் தெரிந்து திண்டாடும் இடத்தில் இந்த ஒரு வரி இரண்டு குடும்பங்களை உறுதியாகச் சேர்க்கும். அந்த வரி இல்லாதிருப்பதே நம் ஊகத்தால் சேர்த்த இணைப்பைப் பிரித்தும் வைக்கும். 1908 ஈஸ்டரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதிப்படி, திருமணம் நடந்த செய்தியை ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் எழுத வேண்டும். எந்த அந்தோணி கொழும்பில் கலியாணம் செய்தார், எந்த அந்தோணி ஊரிலேயே செய்தார் என்பதைத் தீர்க்க அந்த ஓரக் குறிப்பைவிட நல்ல சாட்சி கிடையாது. பதிவேட்டைப் படம் எடுப்பவர்கள் ஓரத்தை வெட்டிவிட்டு எடுப்பதுதான் வயிற்றெரிச்சல்.

பெண்களின் பதிவுகளில் காலிக் கட்டம் நிறைய. தாயின் பெயரை மரியா என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்த பதிவுகள் பழைய ஏடுகளில் ஏராளம். அந்தக் காலி இடத்தில் கணவர் பெயரைப் போட்டு நிரப்புவது மிகப் பொதுவான சுத்தம். அதன் விளைவு, அவள் பிறந்த வீடு புத்தகத்திலிருந்து நிரந்தரமாக மறைவது. காலியாகவே விடுங்கள். புத்தகத்தில் அது பார்க்க நன்றாக இருக்காதுதான். ஞானத் தாய், ஞானத் தந்தை பெயர்களைப் பலர் கோப்பில் ஏற்றுவதே இல்லை. பெரும்பாலும் அவர்கள் தாய் வழியிலும் தந்தை வழியிலும் நெருங்கிய சொந்தங்கள் என்பதால், பெயர் தெரியாத மரியாவின் வீட்டைக் கண்டுபிடிக்க அவர்கள்தான் வழி காட்டுவார்கள்.

கடலில் போனவர்கள் விஷயம் தனி. உடல் கரைக்கு வராவிட்டால் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை, அடக்கப் பதிவும் இல்லை. இறந்த தேதி இல்லாதவரை மென்பொருள் உயிரோடிருப்பவராகவே கணக்கில் வைக்கும். நூறு அல்லது நூற்றுப் பத்து வயது தாண்டும்வரை அந்தரங்கப் பாதுகாப்பு என்று சொல்லி அவர் விவரத்தை அச்சிலிருந்து மறைத்துவிடும். 1930-ல் பிறந்து இளவயதில் தோணியோடு போன ஒருவர் புத்தகத்தில் வெறும் கோடாக நிற்பார். ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராக எடுத்துக்கொள்ளலாம் என்று, 2024 வரை நடப்பில் இருந்த 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 108-ம் பிரிவு சொன்னது. அந்தக் கணக்கு சொத்துக்கு உதவும். வரலாற்றுக்கு, வீட்டில் வருடாந்திரப் பூசை எந்த நாளில் வைக்கிறார்கள் என்று கேட்டு, அந்த நாளை ஊகம் என்ற அடையாளத்தோடு போடுவது மேல்.

இடப்பெயரைக் கணினி தானே திருத்த முன்வந்தால் கையைத் தட்டிவிட வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் 1986-ல் உருவானது. 1890-ல் ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்தில் பிறக்க முடியாது. திருநெல்வேலி ஜில்லா, சென்னை மாகாணம் என்றுதான் இருக்க வேண்டும். பழைய மாவட்டத்தின் பெயரில் தேடினால்தான் ஆவணமும் கிடைக்கும். திருச்சபை எல்லைகள் இதைவிடச் சிக்கல். போர்த்துக்கீசிய அரசரின் ஆதரவுரிமையின் கீழ் கோவாவைச் சார்ந்திருந்த குருக்களுக்கும், 19-ம் நூற்றாண்டில் திரும்பி வந்த மதுரை மிஷன் சேசு சபையாருக்கும் கரையில் நீண்ட இழுபறி. ஊர் இரண்டாகப் பிரிந்தால் ஞானஸ்நானம் ஒரு தரப்பிலும் திருமணம் மறு தரப்பிலும் பதிவாவது உண்டு. ஒரு பதிவேட்டில் இல்லை என்பதற்காக ஆள் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. தூத்துக்குடி தனி மறைமாவட்டமானது 1923-ல். அதற்கு முந்திய கடிதங்களையும் ஏடுகளையும் தேடுவோர் கொடைக்கானல் மலையில் செண்பகனூர் சேசு சபை ஆவணக் காப்பகம் வரைக்கும் போக வேண்டியிருக்கும். கொழும்பும் உண்டு. 1876-ல் ரயில் தூத்துக்குடிக்கு வந்ததிலிருந்து 1914-ல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும்வரை இலங்கைக்குப் போகும் முக்கிய வாசல் இந்தத் துறைமுகம்தான். கடை அங்கே, வீடு இங்கே என்று வாழ்ந்த குடும்பங்களில் ஒரே தம்பதியின் பிள்ளைகள் மாறி மாறி இரண்டு கரைகளிலும் பிறந்தார்கள். ஒரு பிள்ளைக்கு இரு ஊரிலும் பதிவு இருக்கவும் கூடும். கொழும்பில் அரசுப் பதிவு, தூத்துக்குடியில் ஞானஸ்நானம் என்று இரண்டும் இரண்டு நாளைக் காட்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள எல்லா மென்பொருளிலும் இடம் இருக்கிறது.

எழுத்துருச் சங்கடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990-களிலும் அதற்குப் பின்னும் பாமினி, டிஸ்கி, டாப் போன்ற பழைய முறைகளில் தட்டெழுதிய குறிப்புகள் புதுக் கணினியில் புரியாத குறிகளாகத் தெரியும். நீக்குமுன் ஒருங்குறிக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். ஒருங்குறியிலும் ஒரு வஞ்சகம் உண்டு. தொம்மை என்ற பெயரின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், இரண்டு துண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அந்தோணியிலும் அதே கதை. தேடினால் பாதி அந்தோணிகள் கிடைக்க மாட்டார்கள், அகராதியில் இரண்டு இடத்தில் நிற்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்குவது சரியான சுத்தம். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உதவும் கெட்காம் என்ற பொது வடிவம் 1984-ல் வந்தது. அதன் பழைய பதிப்புகளோடு வழங்கிய ஆன்செல் என்ற எழுத்து முறையில் தமிழுக்கு இடமே கிடையாது. 2021-ல் வந்த 7.0 பதிப்பு ஒருங்குறியைக் கட்டாயமாக்கியது. மாற்றும்போது ஆன்செலைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறி வரிசையாகும். மாற்றுவதற்கு முன் கோப்பின் நகல் ஒன்றைத் தொடாமல் எடுத்து வைக்காதவருக்கு வேறு எந்த அறிவுரையும் பயன்படாது.

தொழில் கட்டத்தில் முத்துக்குளிப்பவர் என்று எல்லாத் தாத்தாக்களுக்கும் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். புத்தகத்துக்கு அது ஓர் அழகு கொடுக்கும் என்ற எண்ணம். சிலாபம் வருடந்தோறும் நடந்த தொழில் அல்ல. சிப்பி விளைந்த வருடங்களில் சில வாரங்கள். தூத்துக்குடிப் பக்கம் 1928-க்குப் பிறகு நீண்ட இடைவெளி விழுந்து 1955-ல் மீண்டும் தொடங்கியது. 1961-க்குப் பிறகு இல்லை. மற்ற நாட்களில் அதே ஆட்கள் சங்கு குளித்தார்கள், மீன் பிடித்தார்கள், தோணியில் போனார்கள், துறைமுகத்தில் கூலி வேலை செய்தார்கள். 1950-ல் பிறந்தவருக்கு முத்துக்குளிப்பவர் என்று போட்டிருந்தால் அது ஆசை. சங்குகுளி என்று திருத்துவதால் குடும்பத்தின் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007-ல் வெளியிட்ட ஆதார விளக்க நூல் இன்று உலகெங்கும் வம்சாவளிக்காரர்களின் கைநூல். ஆவணம் சொல்வது வேறு, அதிலிருந்து நாம் எடுக்கும் முடிவு வேறு என்ற அதன் பிரிவினை நம் கோப்புகளுக்கு அவசரமாகத் தேவை. பாட்டி சொன்னது ஆதாரம் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. பாட்டி சொன்னது என்று எழுதி, எந்த ஆண்டு, யாரிடம் சொன்னது என்று சேர்த்துவிட்டால் அது நல்ல ஆதாரம். ஹரித்வாரின் தீர்த்தப் புரோகிதர்களான பண்டாக்களின் வம்சாவளி ஏடுகளை யூட்டா வம்சாவளிச் சங்கம் படமெடுத்தது; அந்த ஏடுகளுக்கு மதிப்பு தருவது, எந்த யாத்திரிகர் எப்போது வந்து சொன்னார் என்ற குறிப்பு அவற்றில் இருப்பதுதான்.

மறைப்பதற்கென்றே சுத்தம் செய்பவர்களும் உண்டு. தந்தை பெயர் தெரியாத ஞானஸ்நானம், இரண்டாம் தாரம், தத்துப் பிள்ளை, மேசைக்காரர் கமாரக்காரர் என்று பரதவருக்குள் இருந்த பழைய பிரிவினையைத் தாண்டி நடந்த கலியாணம். புத்தகம் தயாராகும் நேரத்தில் இவை ஒவ்வொன்றாகக் கழன்றுபோகும். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, நோய், மணமுறிவு ஆகியவற்றை அச்சிடக்கூடாது, அதில் விவாதத்துக்கு இடமில்லை. இறந்து நூறாண்டு ஆனவரின் இரண்டாம் மனைவியை நீக்குவது வேறு. அவள் பிள்ளைகளின் சந்ததி இன்று அதே ஊரில் இருக்கிறது, புத்தகத்தை வாங்கிப் பார்க்கவும் செய்யும்.

கடைசியில் எண்ணிடுதல். வழித்தோன்றல்களை வரிசைப்படுத்த மென்பொருள் எல்லாருக்கும் எண் கொடுக்கும். முதல் எண் யாருக்கு என்பதில்தான் குடும்பக் கூட்டங்களில் சண்டை. பரதவர் தோற்றம் பற்றிய வழக்காறுகளை இலங்கையின் சைமன் காசிச்செட்டி 1837-லேயே இங்கிலீஷில் எழுதி வெளியிட்டார். பாண்டியர் வழி, சந்திர குலம், ஜாதித் தலைவர்களின் பட்டியல் என்று 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வந்த சமூகப் பிரசுரங்கள் வேறு இருக்கின்றன. சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு அவை விலைமதிப்பில்லாத சாட்சிகள், முதல் அதிகாரத்தில் விரிவாக எழுதலாம். மரத்தில் ஏற்றக்கூடாது. அரசரை உச்சியில் வைத்துக் கீழே ஒரு புள்ளிக்கோடு போட்டுவிட்டால், அடுத்த முறை கோப்பு கைமாறும்போது புள்ளிக்கோடு நேர்கோடாகிவிடும். கெட்காமில் புள்ளிக்கோடு என்று ஒன்று கிடையாது. பெற்றோரின் பெயரோடு பதிவேட்டில் தென்படுகிற முதல் ஆளுக்கே எண் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அவர் 1800-களில் ஞானஸ்நானம் பெற்ற, பட்டம் ஏதுமில்லாத ஓர் அந்தோணி பர்னாந்துவாகத்தான் இருப்பார்.